பிளாசிடோ கொண்டோரி உட்கார்ந்த நாள்

பிளாசிடோ கொண்டோரி 1969ஆம் ஆண்டு ஆகஸ்ட் ஐந்தாம் தேதி முற்பகல் பதினோரு மணிக்கு, உமாரா வெள்ளீயச் சுரங்கத்தின் நான்காம் தளத்தில் மேற்பாறை சரிந்து விழுந்து இறந்தான். மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்கு வழக்கம்போல வேலைக்குப் போனான். அதன்பின் பதினேழு ஆண்டுகள், ஞாயிறும் திருவிழாவும் தவிர, ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. இதில் எங்கள் முகாமில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை. மாற்றுக் கருத்தெல்லாம் அவன் மனைவி காசில்டா போடும் சூப்பில் உப்பு போதுமா போதாதா என்பதில்தான்.

காசில்டா சுரங்க வாசலுக்கு எதிரே இரண்டு அண்டா வைத்து சூப் விற்றாள். ஒன்றில் குடலும் நுரையீரலும், இன்னொன்றில் காளையின் குறியும் விதையும். எங்கள் மலை உயரத்தில் தண்ணீர் அவசரமாகக் கொதிக்கும், கறி மட்டும் லேசில் வேகாது. அதனால் இன்று குடிக்கும் சூப்பை நேற்று மத்தியானமே அடுப்பில் ஏற்றியிருப்பாள். எதற்கு எது என்பதில் அவளிடம் ஒரு கறார் உண்டு. ரத்தம் குறைந்தவர்களுக்கு ஈரல், பார்வை மங்கினவர்களுக்குக் கண், வாய் திக்குகிறவர்களுக்கு நாக்கு, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு மூளை, பிள்ளை பெற்றவளுக்குச் சுவரொட்டி, புது மாப்பிள்ளைக்கும் ஓருரோ நகரம் வரை லாரி ஓட்டுகிறவர்களுக்கும் இரண்டாவது அண்டா. ஒல்லியாக ஒருவன் வந்து வெறும் குழம்பு மட்டும் போதும் என்றால், "குழம்பு குடிச்சா மூத்திரம்தான்டா வரும், தெம்பு வராது. துண்டப் போட்டுக்க" என்று அள்ளிப் போடுவாள். அவள் சூப்பைக் குடித்துவிட்டு உள்ளே போனவர்கள் பன்னிரண்டு மணி நேரம் களைப்புக்கு மெல்லும் கோக்கா இலை இல்லாமலே பாறை உடைத்தார்கள். இது உண்மை. நானே உடைத்திருக்கிறேன்.

ஆனால் சொந்தப் புருஷனிடம் மட்டும் அவள் கைவைத்தியம் பலிக்கவில்லை. பிளாசிடோவுக்கு முப்பது வயதிலேயே கல்தூசி நெஞ்சில் படிந்துவிட்டது. நுரையீரலுக்கு நுரையீரல் என்று இரண்டு வருடம் ஊட்டினாள். அவன் இருமல் மூன்று வீடு தள்ளிக் கேட்டது. ஆகஸ்ட் கடைசியில் ஆண்டுப் பரிசோதனை வரும், அதில் நெஞ்சு சரியில்லை என்று எழுதிவிட்டால் வேலை போகும். வேலை போனால் தொண்ணூறு நாளில் முகாம் வீட்டைக் காலி செய்ய வேண்டும். செத்தாலும் அதே தொண்ணூறு நாள்தான், நிறுவனம் அதில் பாரபட்சம் பார்க்காது. முந்தின வருடம் பக்கத்து வீட்டு தொரோத்தேயாவின் கணவன் வெடி வெடித்து இறந்தபோது, தொண்ணூற்றோராம் நாள் அவளுடைய கட்டிலைத் தெருவில் இறக்கிப் போட்டார்கள். ஜூலை மாதம், வாளித் தண்ணீர் உறைந்து கிடக்கும் குளிர். கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தவள் காசில்டா. தொரோத்தேயா நான்கு நாள் அந்தக் கட்டிலிலேயே தெருவில் உட்கார்ந்திருந்தாள், ஐந்தாம் நாள் கட்டில் மட்டும் இருந்தது. அவள் எங்கே போனாள் என்று இன்றுவரை தெரியாது. காசில்டாவுக்கு அப்போது ஆறு வயதில் எர்லிண்டா என்றொரு மகள். அந்த வாரம் முழுக்க மகளை மடியை விட்டு இறக்கவில்லை என்று சொல்வார்கள்.

சுரங்கத்தின் இரண்டாம் தளத்தில் களிமண்ணில் செய்து கொம்பு வைத்து உட்கார்த்தியிருக்கும் பாதாளக் காவலரை நாங்கள் மாமா என்போம். தரைக்கு மேலே இருப்பது தேவாலயத்துச் சாமிக்கு, கீழே இருப்பது மாமாவுக்கு. ஆகஸ்ட் பிறந்ததும் அவருக்கு லாமா என்கிற நீள்கழுத்து மலைவிலங்கை அறுப்போம். ரத்தத்தைச் சுரங்க வாசலில் தெளிப்போம், இருதயத்தைத் துடிக்கத் துடிக்க எடுத்துத் தட்டில் வைத்து உள்ளே கொண்டுபோய் அவர் காலடியில் புதைப்போம். கறி மட்டும்தான் எங்களுக்கு. எலும்பு ஒன்றுகூட உடையாமல் திரும்ப அவருக்கே போய்விடும். பெண்கள் உள்ளே போகக்கூடாது, போனால் தாது கோபித்துக்கொண்டு ஒளிந்துகொள்ளும். அதனால் வாசலில் தட்டை ஒழுங்குசெய்து துணி மூடிக் கொடுக்கிற வேலை அந்த வருடம் காசில்டாவிடம் வந்தது. இரண்டு வெள்ளை லாமா, இரண்டு இருதயம்.

காசில்டா என்ன நினைத்தாள் என்றால், கசாப்புக்கடையில் வாங்குகிற இருதயமெல்லாம் நின்றுபோன இருதயம், நின்றுபோனதைத் தின்றால் எப்படித் தெம்பு வரும் என்று நினைத்தாள். எதற்கு எது என்பதில் அத்தனை கறாராக இருந்தவளுக்கு இப்படித்தான் கணக்குப் போடத் தோன்றும். கமுக்கமாக ஒரு லாமா இருதயத்தைப் பாவாடை மடிப்பில் சுருட்டிக்கொண்டு, கம்பியில் சுடுவதற்காக வைத்திருந்த கன்றின் இருதயத்தைத் தட்டில் வைத்துத் துணியைப் போர்த்தினாள். மேஸ்திரி தோன் இலாரியோன் தட்டைத் தூக்கிக்கொண்டு பயபக்தியோடு உள்ளே போனார். மாமாவுக்கு அந்த வருடம் ஒன்று சரியானது, ஒன்று சந்தையில் வாங்கினது. வீட்டில் அண்டாவுக்குள் போட்ட பிறகும் அந்த இருதயம் இரண்டு மணி நேரம் மூடியை முட்டிக்கொண்டே இருந்தது. பிளாசிடோ அதைக் கேள்வி கேட்காமல் தின்றான். சாயங்காலம் தேவாலயத்துப் படிகளை இருமாமல் ஏறி இறங்கினான். அவள் அன்று சிரித்த சிரிப்பை வாசலில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தோம். மூன்றாம் நாள் பாறை விழுந்தது.

தூக்கிக்கொண்டு வந்தபோது தலையின் இடது பக்கம் உள்வாங்கியிருந்தது. பெண்கள் கழுவிவிட்டார்கள், தச்சன் பெட்டி செய்தான், உறவுக்காரர்கள் சாராயம் ஊற்றினார்கள். காசில்டா கையை என்ன செய்வது என்று தெரியாததால் அடுப்பில் கிடந்த அண்டாவைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். விடிந்ததும் ஒரு கிண்ணத்தில் ஈரலும் விதையுமாக எடுத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில், பெட்டி பக்கத்தில் கொண்டுபோய் நீட்டினாள். பிளாசிடோ வாயைத் திறந்தான். கிண்ணம் காலியானதும் எழுந்து, கம்பளிக் குல்லாயை உள்வாங்கின பக்கத்தில் இழுத்துவிட்டு, அதன்மேல் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். அடக்கத்துக்கு வந்தவர்கள் பின்னாலேயே சுரங்க வாசல் வரை நடந்தோம். வருகை அட்டையில் முத்திரை குத்துகிற பெனிக்னோ விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தான், ஒன்றும் கிடைக்கவில்லை, முத்திரை குத்தினான்.

முகாம் மருத்துவர் அவன் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். "துடிக்குது. ஆனா அது இவரோடது மாதிரி தெரியல. வேற எதுவோ ஓடுது உள்ள, கொஞ்சம் வேகமா" என்றார். இருதயம் துடிக்கும் ஆளுக்கு இறப்புச் சான்றிதழ் தர முடியாது. சான்றிதழ் இல்லாமல் அலுவலகம் பெயரை நீக்க முடியாது. பெயர் நீங்காமல் வீட்டைக் கேட்க முடியாது. காசில்டா இந்த மூன்றையும் வரிசையாகக் கேட்டு முடித்து, மருத்துவருக்கு ஒரு கிண்ணம் சூப் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவு அவளுடையதாகவே இருந்தது.

பிளாசிடோ வேலையில் குறை வைக்கவில்லை. இருமல் போய்விட்டது, ஏனென்றால் மூச்சுப் போய்விட்டது. பசி, குளிர், வலி எதுவும் இல்லை. கட்டைவிரலில் சுத்தியல் விழுந்தால் எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தான். கண் இமைக்க மறந்துவிட்டதால் கண்மேல் தூசி படியும். தினமும் சாயங்காலம் எர்லிண்டா ஈரத்துணியால் அப்பாவின் கண்களைத் துடைத்துவிடுவாள், அவன் குனிந்து காட்டுவான். முகாம் பெண்கள் காசில்டாவைச் சீண்டினார்கள். "எங்க வீட்டு ஆளு உயிரோட இருந்தே இவ்வளவு வேலை பார்க்கல. எங்களுக்கும் அந்தக் கைப்பக்குவத்தச் சொல்லிக் குடுக்கா." காசில்டா சிரிக்கவில்லை. "முதல்ல சாகச் சொல்லு, அப்புறம் சொல்றேன்" என்றாள். ஐந்தாம் வருடம் நிறுவனம் அவனுக்கு நூறு சதவீத வருகைக்காகச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. கைகுலுக்கிய மேலாளர் பிறகு கையைக் கோட்டுப் பைக்குள் நெடுநேரம் வைத்துச் சூடேற்றிக்கொண்டார்.

கஷ்டம் ஒன்றே ஒன்றுதான். ஒரு நாள் காலை கிண்ணம் தவறினால் அவன் நடை தளர்ந்தது. இரண்டு நாள் தவறினால் நிலைப்படியைத் தாண்டக் கால் எழாது என்று அவளுக்குப் புரிந்தது. அதனால் காசில்டா கசாப்புக்காரன் மெல்கோரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தபோது வேறொரு சிக்கல் வந்தது. பிளாசிடோவுக்கு வேலைநிறுத்தம் என்றால் புரியவில்லை, ஆறு மணிக்குக் கிளம்பிவிட்டான். சங்கத் தலைவர் வாசலில் மறித்து, "அண்ணே, செத்தவனா இருந்தாலும் கருங்காலி கருங்காலிதான். கோவிச்சுக்காதீங்க" என்று தோளைப் பிடித்துத் திருப்பி, மறியல் வரிசையில் முதல் ஆளாக நிறுத்தினார். அவனுக்குக் குளிரவில்லை என்பதால் ஒன்பது நாளும் அங்கேயே நின்றான். லாரிகள் வராததால் எட்டாம் நாள் கறி தீர்ந்தது. முகாம் பெண்கள் ஆளுக்கொரு கோழி ஈரல், முயல் குண்டிக்காய் என்று கொண்டுவந்து காசில்டாவின் அண்டாவில் போட்டார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு இருந்தது, ஒவ்வொருத்தி புருஷனும் இருமிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் வருடத்தில் ஒரு நாள், கண் துடைத்துவிட்ட பிறகு, பிளாசிடோ பேசினான். அவன் பேச்சு அப்போது வருடத்துக்கு நாலைந்து வாக்கியமாகச் சுருங்கியிருந்தது. "காசில்டா, நான் எப்ப உக்காரலாம்?" என்று கேட்டான். இறந்ததிலிருந்து அவன் உட்காரவே இல்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். கட்டிலில்கூட நின்ற வாக்கில்தான் சாய்வான், முழங்கால் மடங்காது. "எர்லிண்டா பள்ளிக்கூடம் சேர்ந்து நாலு வருசந்தான ஆகுது, அது முடிக்கட்டும்யா" என்றாள். அவன் தலையாட்டினான். எட்டாம் வருடம் மறுபடி கேட்டான். "அவ மேல படிக்கணும்ங்கிறா. கொஞ்சம் பொறு." பன்னிரண்டாம் வருடம் கேட்டபோது எர்லிண்டா ஓருரோவில் செவிலியர் படிப்பில் இருந்தாள். காசில்டாவிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை. "நாளைக்குப் பார்ப்போம்" என்றாள். அவன் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு போனான்.

இதற்குள் காசில்டாவும் மரத்துப்போகத் தொடங்கியிருந்தாள். முதலில் நாக்கு. அவன் குடித்து வைத்த கரண்டியிலேயே உப்பு பார்த்துப் பார்த்து, ஒரு நாள் உப்பே தெரியவில்லை. "பத்தலக்கா", "கரிக்குதுக்கா" என்று வாடிக்கையாளர்கள் மாறி மாறிச் சொன்னார்கள், அவள் இரண்டு பக்கமும் தலையாட்டினாள். பிறகு விரல்கள். கொதிக்கிற அண்டாவைத் துணியில்லாமல் பிடித்து இறக்கினாள், தோல் வழன்றது, அவள் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இரவெல்லாம் ஐஸ்கட்டி பக்கத்தில் படுத்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும் என்று பேசிக்கொண்டோம். அவளுடைய அம்மா இறந்தபோது குழிமேட்டில் நின்றுகொண்டு, பாதிரியார் ஜெபத்தின் நடுவே, "மணி என்னாச்சு? அடுப்புல குடல் இருக்கு" என்று கேட்டாள். அதைக் கேட்டபோது எனக்குப் பயமாக இருந்தது. பிளாசிடோவைப் பார்த்து நான் ஒருநாளும் பயந்ததில்லை.

எர்லிண்டா விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொள்வாள். மருத்துவமனையில் எத்தனையோ பேருக்கு நாடி பிடித்துவிட்டு வந்தவள் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தால் முகம் இறுகிவிடும். பதினைந்தாம் வருடம் தாயும் மகளும் நடுத்தெருவில் சண்டை போட்டார்கள், முகாமே பார்த்தது.

"அப்பாவ விட்டுரும்மா. அவரு உன்கிட்ட கேக்குறாரு இல்ல?"

"விட்டா வீடு போயிரும்டி."

"எனக்கு வீடு வேணாம்."

"எனக்கு வேணும்."

"என்கூட ஓருரோவுக்கு வா. ஒரு ரூம்ல இருந்துக்கலாம்."

"அது வாடகை ரூமு. எவனாச்சும் வந்து கட்டிலத் தூக்குவான். எனக்குக் கட்டில் தெருவுல நிக்கக்கூடாது, அவ்வளவுதான்" என்றாள் காசில்டா. அவள் குரலில் கோபம்கூட இல்லை. காய்கறிக்காரியிடம் வெங்காயம் வேண்டாம் என்று சொல்கிற குரல். எர்லிண்டா அழுதுகொண்டே பஸ் ஏறினாள். மகள் அழுவதைக் காசில்டா, தூரத்தில் மழை பெய்வதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளீயத்தின் விலை உலகத்தில் விழுந்தது அதற்கு அடுத்த வருடம். யாரோ எங்கேயோ ஒரு மேசைமேல் எங்களை வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். 1986ஆம் ஆண்டு சுரங்க வாசலில் ஒரு தாள் ஒட்டினார்கள். சுரங்கம் மூடப்படுகிறது, எல்லாரும் வேலையிலிருந்து விடுவிக்கப்படுகிறார்கள், முகாம் வீடுகள் அனைத்தும் காலி செய்யப்பட வேண்டும். உயிரோடு இருப்பவன், செத்தவன், ஆஸ்பத்திரியில் கிடப்பவன் எல்லாருக்கும் ஒரே தாள். காசில்டாவுக்கு எழுத்து வராது. பெனிக்னோதான் படித்துச் சொன்னான். "மறுபடி படி" என்றாள். மறுபடி படித்தான். பதினேழு வருடம் காலைதோறும் அவள் அண்டா வைத்தது அந்தத் தாளில் எந்த வரியிலும் இல்லை. தாளைக் கையில் வாங்கித் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள்.

கசாப்புக்காரன் மெல்கோர் முதல் லாரியிலேயே கிளம்பிவிட்டான். அதனால் கடைசி நாள் காலை பிளாசிடோவுக்குக் கிண்ணம் இல்லை. ஆனாலும் அவன் ஆறு மணிக்குச் சுரங்க வாசலுக்குப் போய், பூட்டியிருந்த கதவின் முன் நின்றுவிட்டு, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நெடுநேரம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். தெருவில் எல்லாருடைய கட்டிலும் நின்றது. இருநூற்றுப் பத்து வீட்டுக் கட்டில்கள், அண்டாக்கள், கோழிக்கூடுகள். எர்லிண்டா ஓருரோவிலிருந்து வந்து பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். காசில்டா தன் கட்டிலைத் தானே இழுத்து வெளியே போட்டாள். பிறகு உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்துவந்து வெயில் படுகிற இடமாகப் பார்த்து வைத்து, முந்தானைத் துண்டால் தூசி தட்டினாள்.

"இப்ப உக்காருய்யா" என்றாள்.

பிளாசிடோ நாற்காலியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். உட்கார்ந்தான். முழங்கால்கள் மடங்கிய சத்தம் தெருக்கோடி வரை கேட்டது, கட்டில் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினோம். அதற்கு மேல் அவன் எழுந்திருக்கவில்லை. நாற்காலியோடு அப்படியே தூக்கி லாரியில் மெத்தைகளுக்கு நடுவே வைத்துக் கயிறு போட்டோம். எர்லிண்டா பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கொச்சபாம்பா நகரத்துக்குப் போகும் சாலையில் கணவாய் ஏறும்போது நடுப்பகல். "வெயிலடிக்குதா?" என்று பிளாசிடோ கேட்டான். "அடிக்குதுய்யா, நல்லா அடிக்குது" என்றாள் காசில்டா. கணவாயின் உச்சியில் எர்லிண்டா மணிக்கட்டை மெதுவாக அவன் மடியில் வைத்துவிட்டு லாரியின் கூரையைத் தட்டினாள். நான் அவளைப் பார்த்தபோது, வேலையில் இருக்கும் செவிலியாகக் கைக்கடிகாரத்தில் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் வந்த லாரிகளும் நின்றன. பனி விழுவதற்குள் இறங்கியாக வேண்டும் என்று ஓட்டுநர் எஃப்ராயின் அவசரப்படுத்தினார். வேலையில்லாத சுரங்கக்காரர்கள் இருபது பேர் கடப்பாரையோடு இறங்கினோம். குழி வெட்டச் சொன்னால் எங்களுக்குப் பாதியில் நிறுத்தத் தெரியாது. ஆறடி போதும் என்று எஃப்ராயின் கத்திக்கொண்டே இருந்தார், நாங்கள் பன்னிரண்டடி போய், பக்கச்சுவர் சரியாமல் கட்டில் சட்டங்களை முட்டுக்கொடுத்து, காற்றோட்டம் பார்த்து, தோன் இலாரியோன் மேலிருந்து எட்டிப்பார்த்துச் "சரி" என்ற பிறகுதான் ஏறினோம். உமாரா ஆட்கள் செய்த கடைசிச் சுரங்கம் அது, ஒழுங்காகவே செய்தோம். மூடி முடித்ததும் பெண்கள் அந்த மேட்டிலேயே துணி விரித்துச் சாப்பாட்டை வைத்தார்கள். அப்போதுதான் ஒருத்தி தன் காலடியில் மண் சூடாக இருக்கிறது என்றாள். இன்னொருத்தி காதை வைத்துக் கேட்டாள். நின்றுபோனது என்று எர்லிண்டா நேரம் குறித்த இருதயம், கீழே போனதும் மறுபடி துடிக்கத் தொடங்கியிருந்தது. இந்த முறை யாரும் ஊட்ட வேண்டியிருக்கவில்லை.

காசில்டா இரண்டு உள்ளங்கையையும் மண்ணில் வைத்தாள். நெடுநேரம் எடுக்கவில்லை. பிறகு எழுந்து, "என் சாமான இறக்குங்க" என்றாள்.

"எங்கம்மா இருக்கப்போற?" என்றாள் எர்லிண்டா. "காட்டுல, காத்துல?"

"இங்கதான். கீழ உங்கப்பா இருக்காரு. மேல நான் இருந்துக்கிறேன்."

எங்களுக்கும் கொச்சபாம்பாவில் யாரும் காத்திருக்கவில்லை. மூன்று நாள் தங்கிக் கல்லும் புல்கட்டியுமாகச் சுவர் எழுப்பி, யார் யாருடைய வீட்டிலிருந்தோ கழற்றி வந்த தகரத்தைக் கூரையாகப் போட்டுக் கொடுத்தோம். அந்த அறையின் தரை குளிர்காலத்தில் கையில் பிடித்த ரொட்டியின் சூட்டில் இருக்கும். சுற்றிலும் முழங்கால் உயரம் பனி கிடந்தாலும் அந்த மேட்டில் நிற்காது. லாரிகள் அங்கே நிற்கப் பழகின. காசில்டா உருளைக்கிழங்கும் அவரைப்பருப்பும் போட்டு சூப் வைத்தாள். பழைய ஆட்கள் யாராவது குடல் இல்லையா, ரெண்டாவது அண்டா எங்கே என்று கேட்டால், "தெம்பு வேணும்னா வேற எடம் பாரு. இங்க பசிக்குத்தான் குடுக்கிறது" என்பாள். உப்பு வழக்கம்போலச் சில நாள் தூக்கலாக, சில நாள் கம்மியாக இருந்தது.

நான்காம் வருடம் நெடுஞ்சாலை அலுவலகத்திலிருந்து ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். சாலைக்கு ஒதுக்கிய இடத்துக்குள் வீடு பன்னிரண்டு அடி உள்ளே வந்திருக்கிறது, தார் போடப்போகிறார்கள், காலி செய்ய வேண்டும் என்றார். அன்று நானும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். காசில்டா அவரை உட்காரச் சொல்லிக் கிண்ணத்தை வைத்தாள். அந்த மனிதருக்குக் காலணி நனைந்திருந்தது, கழற்றிவிட்டுப் பாதத்தைத் தரையில் வைத்தார். கரண்டி பாதி வழியில் நின்றது.

"கீழ யாரும்மா?" என்று கேட்டார்.

"என் புருஷன்."

"எத்தன நாளா இருக்காரு?"

"நாலு வருசமா."

அவர் சூப்பைக் குடித்து முடித்தார். காலணியைப் போட்டுக்கொண்டு, காகிதத்தை முழங்காலில் வைத்து, ஆள் குடியிருக்கும் வீடு, குடியிருப்பவர்கள் இரண்டு பேர், சாலையை விலக்கிப் போடவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதினதை உரக்கப் படித்துக் காட்டிவிட்டுக் கிளம்பினார். காசில்டா அவர் வண்டி வளைவில் மறையும்வரை வாசலில் நின்றாள். உள்ளே வந்து, அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்த அண்டாவின் மூடியை வெறுங்கையால் எடுத்தாள். எடுத்தவள் "ஐயோ" என்று அலறிக் கீழே போட்டாள்.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, விரல்களை வாயில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கை எரிச்சலுக்கு அழுகிறாள் என்று முதலில் நினைத்தோம். பிறகு அவள் பிளாசிடோவின் பெயரைச் சொல்லத் தொடங்கினாள். பாறை விழுந்ததைச் சொன்னாள், தலையின் இடது பக்கத்தைச் சொன்னாள், முப்பத்திரண்டு வயசுதானே என்று மார்பில் அடித்துக்கொண்டாள். மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. எர்லிண்டாவுக்கு ஆள் சொல்லி அனுப்பினோம், அவள் வந்து கறுப்புத் துணி வாங்கித் தைத்துப் போட்டுவிட்டாள், தானும் போட்டுக்கொண்டாள். லாரிகள் வழக்கம்போல நின்றன. ஓட்டுநர்கள் விஷயத்தைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றி, ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே வந்து, கையைப் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரித்தார்கள். எப்போது இறந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. காலடியில் தரை துடித்துக்கொண்டிருந்தது. அதை மிதிக்காமல் ஓரமாகப் பார்த்து நின்றுகொண்டார்கள்.